காவிச் சேறு

மண்ணின் வயிற்றில் மனிதன் தேடும் செல்வம் சிறிது. அச்செல்வத்தைப் பெறுவதற்காக அவன் வெளியே கொண்டுவந்து கொட்டுவதோ பெரிது. இக்காலத்தில் தோண்டப்பெறும் செப்புக் கனிமங்கள் பலவற்றில் நூறு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ செம்புகூடக் கிடைப்பதில்லை. எஞ்சியவை கல்லாகவும் பொடியாகவும் சேறாகவும் சுரங்கத்தின் வாயிலில் குவிகின்றன. கொள்ள வேண்டியதைக் கொண்ட பின்னர் மனிதன் அவ்விடத்தை விட்டுப் போய்விடுகிறான். அவன் விட்ட குவியல் மட்டும் போவதில்லை. மழையும் காற்றும் அதனைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. அங்கிருந்து வழியும் நீர் ஓடையை அடைகிறது. ஓடை ஆற்றை அடைகிறது. சுரங்கம் மூடப்பெற்றுப் பல தலைமுறைகள் கழிந்த பின்னும் அதனால் விளைந்த கேடு ஓயாமல் ஓடிக்கொண்டிருத்தல் உண்டு.

இது புதிய முறையீடு அன்று. ஜெர்மனியில் வாழ்ந்த அக்ரிகோலா என்னும் அறிஞர் சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய பெருநூல் 1556-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் அத்தொழிலைப் போற்றியவர். ஆயினும் அதனைப் பழிப்போர் கூறிய குறைகளையும் மறைக்காமல் எழுதிவைத்தார். கனிமங்களைக் கழுவிய நீர் ஓடைகளையும் ஆறுகளையும் நஞ்சாக்குகிறது. அதனால் மீன்கள் மடிகின்றன, அல்லது அவ்விடத்தை விட்டு அகன்று போகின்றன என்பது அக்குறைகளுள் ஒன்று. அந்நூல் வெளிவந்து நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அக்குறை முற்றும் நீங்கவில்லை. ஆயினும், அக்கேட்டினுள்ளேயே அதற்கு ஒரு மாற்று மறைந்திருப்பதை அறிவியலார் அண்மைக் காலத்தில் கண்டுள்ளனர். அவர்கள் கண்டது விலையுயர்ந்த மருந்து அன்று. சுரங்க நீரின் அடியில் படியும் வெறும் காவி நிறச் சேறேயாகும். அச்சேறு எவ்வாறு உண்டாகிறது? அஃது ஆற்றை அழிப்பது ஏன்? அதுவே நீரைத் தூய்மை செய்யும் பொருளாக மாறியது எவ்வாறு? இவற்றை முறையே காண்போம்.

நிலக்கரியால் வளம் பெற்ற நாடுகளுள் முதன்மையானது பிரிட்டன். 1913-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுரங்கங்கள் ஏறக்குறைய 29 கோடி டன் நிலக்கரியை ஈந்தன. அவற்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் உழைத்தனர். அவர்கள் நிலத்தின் அடியில் இருளோடு போராடியது போலவே நீரோடும் போராடினர். தோண்டத் தோண்ட ஊற்றுநீர் பெருகும். அதனை இடைவிடாது மேலே இறைத்துக் கொட்டினாலன்றி ஒரு நாளும் வேலை நடவாது. 1712-ஆம் ஆண்டில் நியூகாமன் என்பவர் அமைத்த நீராவிப் பொறி, டட்லி என்னும் ஊருக்கு அருகில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் நீரை இறைப்பதற்காகவே எழுந்ததாகும்.

காலம் மாறிற்று. நிலக்கரியின் தேவை குறைந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கெல்லிங்லி என்னும் சுரங்கம் மூடப்பட்டதோடு அந்நாட்டின் ஆழ்சுரங்க நிலக்கரித் தொழில் முடிவுற்றது. சுரங்கம் மூடப்படும்போது இறைக்கும் பொறியும் நிறுத்தப்படும். மனிதன் இறைப்பதை நிறுத்தலாம். ஊற்று சுரப்பதை நிறுத்துமோ? வெறுமையாகக் கிடந்த சுரங்க வழிகளில் நீர் மெல்ல மெல்ல ஏறும். சில இடங்களில் சில ஆண்டுகளிலும், வேறு சில இடங்களில் பல ஆண்டுகளிலும் அது நிலத்தின் மேற்பரப்பை எட்டும். பின்னர்ப் பழைய வாயில்கள் வழியாகவும் பாறைப் பிளவுகள் வழியாகவும் வெளியேறி அருகிலுள்ள ஓடையில் கலக்கும். அன்று முதல் அவ்வோடையின் நிறம் மாறும். கற்களும் மணலும் செம்மஞ்சள் பூசினாற்போல் ஆகும். கரையோரத்தில் வாழ்வோர் அந்நிறத்தைக் கண்டு மனம் நைவர்.

அந்நிறம் எங்கிருந்து வந்தது? நிலக்கரியின் நடுவிலும் அதனைச் சூழ்ந்த பாறைகளிலும் பைரைட் என்னும் கனிமம் கலந்திருக்கும். அது பொன்னைப்போல் மின்னும். அறியாதார் பொன் என்றே மயங்குவர். உண்மையில் அஃது இரும்பும் கந்தகமும் கூடிய ஒரு சேர்மம். பல கோடி ஆண்டுகளாக நிலத்தின் ஆழத்தில் காற்றுப் புகாமல் கிடக்கும் வரையில் அதனால் யாதொரு தீங்கும் இல்லை. மனிதன் வழி திறந்தவுடன் காற்றும் நீரும் அதனைத் தீண்டுகின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவோடு பைரைட் கூடும்போது கந்தகம் கந்தக அமிலமாக மாறுகிறது; இரும்பு நீரில் கரைகிறது. அமிலம் தோன்றியபின் அது மற்றப் பாறைகளையும் அரித்து, அவற்றிலுள்ள நாகம், காட்மியம் முதலிய உலோகங்களையும் நீரில் கரைத்துவிடுகிறது.

இம்மாற்றத்தை விரைவுபடுத்துவோரும் அங்கு உளர். அவர்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். இரும்பைப் பிராணவாயுவோடு சேர்ப்பதனால் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டே வாழும் ஒருவகைப் பாக்டீரியாவை அமெரிக்க ஆராய்ச்சியாளர்களாகிய கோல்மர், ஹிங்கிள் என்னும் இருவர் நிலக்கரிச் சுரங்க நீரில் கண்டு 1947-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மற்ற உயிர்கள் வாழ அஞ்சும் அமில நீரே அதற்கு இனிய இல்லம். அதன் உதவியால் இம்மாற்றம் பன்மடங்கு விரைவாக நிகழ்கிறது.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சுரங்கத்திலிருந்து நீர் வெளிப்படும் வாயிலில் அது பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கரைந்துள்ள இரும்பு கண்ணுக்குத் தோன்றாது. சிறிது தொலைவு ஓடிக் காற்றோடு கலந்த பின்னரே நிறம் பிறக்கும். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தெளிவாக இறைத்த நீர், குடத்தில் சிறிது நேரம் இருந்தபின் செந்நிறம் கொண்டு அடியில் மண்டி படிவதைச் சில ஊர்களில் காணலாம். இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். நீரில் கரைந்திருந்த இரும்பு, பிராணவாயுவைப் பெற்றவுடன், கரைந்த நிலையில் இருக்க இயலாமல் நுண்ணிய துகளாகப் பிரிகிறது. அத்துகள்களின் திரளே காவிச் சேறு.

ஓடையின் அடியில் அச்சேறு போர்வைபோல் படிகிறது. கற்களின் இடுக்கில் வாழும் பூச்சிகளின் புழுக்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. மீன் இட்ட முட்டைகள் புதைந்துபோகின்றன. நீர்ப்பாசியும் செடியும் வெயிலைக் காணாமல் அழிகின்றன. பூச்சி இல்லையேல் மீன் இல்லை. மீன் இல்லையேல் அதனை உண்டு வாழும் பறவையும் இல்லை. இவ்வாறு ஓர் ஓடை முழுவதும் உயிரற்ற கால்வாயாகி விடுகிறது.

இக்கேடு சில வேளைகளில் பெருவெள்ளமாகப் பாய்வதும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் வீல் ஜேன் என்னும் வெள்ளீயச் சுரங்கம் இருந்தது. அது 1991-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இறைக்கும் பொறிகளும் ஓய்ந்தன. உள்ளே பெருகிய நீர் 1992-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பழைய சுரங்க வழி ஒன்றை உடைத்துக்கொண்டு வெளிப்போந்தது. சுமார் ஐந்து கோடி லிட்டர் அமில நீர் கார்னன் ஆற்றில் பாய்ந்து கடற்கழியை அடைந்தது. இரும்பும் நாகமும் காட்மியமும் கலந்த அந்நீரால் ஆறும் கழியும் செம்மஞ்சள் நிறம் கொண்டன. மூடிய சுரங்கம் இறந்த சுரங்கம் அன்று என்பதை அன்று மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களின் பொறுப்பை ஏற்க 1994-ஆம் ஆண்டில் நிலக்கரி ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. அது 2024-ஆம் ஆண்டில் சுரங்கச் சீரமைப்பு ஆணையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நாடு முழுவதும் எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் அது சுரங்க நீரைத் தூய்மை செய்கிறது. அம்முறை எளியது. நீரை முதலில் படிக்கட்டுப் போன்ற அமைப்பின்மீது வீழ்ந்து சிதறி ஓடச் செய்வர். வீழும் நீர் காற்றை வாரிக்கொள்ளும். இரும்பு துகளாகப் பிரியும். பின்னர் அகன்ற குளங்களில் நீரை அசையாமல் தேக்குவர்; துகள்கள் அடியில் படியும். இறுதியில் நாணலும் சம்பும் செறிந்து வளர்ந்த நீர்ப்பாத்திகள் வழியாக மெதுவாகச் செலுத்துவர். எஞ்சிய துகள்களை அச்செடிகளின் தண்டும் வேரும் தடுத்து நிறுத்தும். பிறகு தெளிந்த நீர் ஓடையைச் சேரும். ஓராண்டில் ஆயிரக்கணக்கான டன் இரும்பு இவ்வாறு ஆறுகளில் சேராமல் தடுக்கப்படுகிறது.

ஓடை பிழைத்தது, ஆனால் குளம் நிறைந்தது. படிந்த சேற்றைக் காலந்தோறும் வாரி வெளியேற்ற வேண்டும். வாரிய சேற்றை எங்கே கொட்டுவது? பள்ளங்களில் கொட்டிப் புதைப்பதற்கு இடம் வேண்டும், வண்டி வேண்டும், பெரும் பொருட்செலவும் வேண்டும். சுரங்கம் இருக்கும் வரையில் நீர் வரும். நீர் வரும் வரையில் சேறும் வரும். ஒரு கழிவை நீக்கும் முயற்சியில் மற்றொரு கழிவு மலைபோல் குவியலாயிற்று. இந்நிலையில்தான் சிலர் அச்சேற்றைக் கையிலெடுத்து, 'இதன் இயல்பு யாது?' என்று வினவினர். அவ்வினாவே புதிய வழியைத் திறந்தது.

காவி தமிழர்க்குப் புதிய பொருள் அன்று. மாக்கோலத்தைச் சுற்றிக் காவி பூசி அழகு செய்வர். கோயில் மதில்களில் வெண்மையும் காவியும் மாறி மாறிப் பட்டை தீட்டுவர். அக்காவியின் நிறத்துக்குக் காரணம் இரும்புதான். சுரங்கச் சேற்றின் நிறத்துக்குக் காரணமும் அதுவே. இந்நிறத்துக்காகவே சில நாடுகளில் சுரங்கக் காவியை எடுத்து வண்ணப் பொடியாகவும் விற்கின்றனர். ஆனால் நிறத்தைவிடச் சிறந்த பண்பு ஒன்று அதனிடத்து உண்டு. சில பொருள்களை நீரிலிருந்து கவர்ந்து தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் ஆற்றலே அப்பண்பு.

இவ்வாற்றலுக்குக் காரணம் இரண்டு. முதலாவது, துகளின் நுண்மை. ஒரு கட்டியை உடைத்தால் புதிய முகங்கள் தோன்றும். அவற்றையும் உடைத்தால் மேலும் பல முகங்கள் தோன்றும். இவ்வாறு பொருளின் அளவு மாறாமலே மேற்பரப்பு மட்டும் பெருகிக்கொண்டு போகும். காவித் துகள்கள் மிக மிக நுண்ணியவை. ஆதலின் ஒரு கிராம் காவியில் அடங்கிய துகள்களின் மேற்பரப்பு அனைத்தையும் விரித்தால் அது நூறு சதுர மீட்டரை எட்டுதலும் கூடும். ஒரு சிட்டிகைப் பொடியில் ஒரு வீட்டின் தரைப்பரப்பு அடங்கியுள்ளது என்றால் வியப்பன்றோ? இரண்டாவது, இரும்பின் வேதிப் பண்பு. துகளின் மேற்பரப்பில் உள்ள இரும்பு அணுக்கள் சில பொருள்களோடு பிணையும் விருப்பம் மிகுந்தவை. பாஸ்பேட்டும் ஆர்செனிக்கும் அவ்வாறு பிணையும் பொருள்களுள் தலையாயவை. நீரில் மிதந்து வரும் இவை அத்துகளைத் தீண்டியவுடன் இரும்பு உடும்புப்பிடியாகப் பற்றிக்கொள்கிறது. நீர் மட்டும் கடந்து செல்கிறது.

பாஸ்பேட் என்பது பாஸ்பரஸ் என்னும் தனிமத்தின் சேர்மம். அது பயிருக்கு உணவு, உரங்களில் இன்றியமையாதது. ஆனால் வயலில் நன்மை செய்யும் அதுவே ஏரியில் தீமை செய்கிறது. உரமிட்ட நிலத்திலிருந்தும், மாட்டுத் தொழுவத்திலிருந்தும், நகரங்களின் கழிவுநீரிலிருந்தும் பாஸ்பேட் ஏரிகளை அடைகிறது. உணவு மிகுந்த காரணத்தால் பாசி அளவின்றிப் பெருகி நீரின் மேல் பச்சைக் கம்பளம்போல் படர்கிறது. அப்பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயு செலவாகிவிடுகிறது. மீன்கள் மூச்சுவிட வழியின்றி இறந்து மிதக்கின்றன. கழிவுநீரிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கப் பெரிய நகரங்கள் விலை கொடுத்து வேதிப்பொருள்களை வாங்குகின்றன; சிற்றூர்களால் அது இயல்வதில்லை.

ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதனை எண்ணிப் பார்த்தனர். அந்நாட்டின் ஃபைஃப் பகுதியில் மின்டோ என்னும் இடத்தில் உள்ள பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் காவியையும், மேற்கு லோதியனில் உள்ள பால்கெமெட் சுரங்கத்தின் காவியையும் கொணர்ந்து ஆராய்ந்தனர். கழிவுநீர்ப் பாத்திகளில் வழக்கமாக இடப்படும் சரளைக் கல்லைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியான பாஸ்பேட்டைக் காவி பற்றிக்கொள்ளுதலைக் கண்டனர். ஓர் இடர்ப்பாடும் தோன்றியது. சேற்றை அவ்வாறே இட்டால் அது நீரைச் செல்லவிடாமல் அடைத்துக்கொள்ளும். ஆதலின் அதனை உலர்த்திக் குறுணையாகவும், பிணைக்கும் பொருள் சேர்த்து உருண்டையாகவும் செய்து ஆராய வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த லீடவுன் என்னும் ஊரில், அந்நாட்டு நிலவியல் அளவைத் துறையின் ஆராய்ச்சியாளர்களும் அமிலச் சுரங்க நீரின் சேற்றை உலர்த்தி, மீன் வளர்க்கும் தொட்டிகளின் கழிவுநீரை அதன் வழியே செலுத்திப் பார்த்தனர். பாஸ்பேட் பெருமளவு நீங்கியது. பற்றிய பாஸ்பேட்டைக் காரக் கரைசலால் கழுவிப் பிரித்துவிட்டு, அதே சேற்றை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதையும் காட்டினர். மீனைக் கொன்ற சேறு மீன் வாழும் நீரைக் காக்கும் சேறாயிற்று.

எடின்பரோ ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. பற்ற வேண்டிய அளவு பற்றி நிறைந்துவிட்ட காவியை என்ன செய்வது என்னும் வினா எழுந்தது. அதில் நிறைந்திருப்பது பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் அன்றோ? ஆதலின் அதனை உரமாக இட்டுப் புல்லையும் பார்லியையும் வளர்த்துப் பார்த்தனர். காவி தான் பற்றியிருந்த பாஸ்பரஸைச் சிறிது சிறிதாக விடுவித்தது. பயிரும் அதனை ஏற்றது. மழை வந்தவுடன் கரைந்தோடும் உரத்தைவிட மெல்ல விடுவிக்கும் உரம் ஒருவகையில் சிறந்தது. ஏரிக்கு அதனால் வரும் தீங்கும் குறைவு. பாஸ்பேட் உரமும் பாறையாக நிலத்தில் தோண்டி எடுக்கப்படுவதே. அப்பாறை எடுக்க எடுக்கக் குறையும் செல்வம். கழிவுநீரோடு கடலுக்குப் போகும் அச்செல்வத்தைத் தடுத்து நிறுத்தி வயலுக்கே திருப்பி அனுப்புகிறது, எவரும் வேண்டாத இச்சேறு.

காவி பற்றும் மற்றொரு பொருளாகிய ஆர்செனிக், மனித உயிரோடு நேரே தொடர்புடையது. சித்த மருத்துவர் பாடாணம் என்று கூறும் நஞ்சுகளுள் சில இதன் சேர்மங்களே. நீரில் கரைந்த ஆர்செனிக்குக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. அதனைப் பருகுவோர் பருகுவதை அறியார். பல ஆண்டுகள் பருகினால் தோலில் கரும்புள்ளிகள் தோன்றும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கரடுமுரடாகும், புற்றுநோயும் வரலாம். ஒரு லிட்டர் குடிநீரில் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் அஃது இருத்தல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

மேற்கு வங்காளத்திலும் வங்காள தேசத்திலும் கங்கைச் சமவெளி மக்கள் இந்நஞ்சினால் உற்ற துன்பம் பெரிது. குளத்து நீரால் பரவிய கழிச்சல் நோய்களுக்கு அஞ்சி ஊர்தோறும் குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. நோய்க்கிருமி அற்ற அந்நீரில் ஆர்செனிக் இருக்குமென்று எவரும் எண்ணவில்லை. 1983-ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் மருத்துவர்கள் மேற்கு வங்காளத்து நோயாளிகளிடம் இதன் அறிகுறிகளைக் கண்டறிந்தனர். வங்காள தேசத்தில் பல கோடி மக்கள் இவ்விடருக்கு ஆளாகியிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. உயிரைக் காக்க வெட்டிய கிணறே உயிருக்கு உலை வைத்தது.

அந்த ஆர்செனிக் நீரில் கலந்த வரலாறு இப்பாடத்தின் உட்பொருளை நன்கு விளக்கும். இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில் இரும்புத் துகள்கள் இருந்தன. அவை ஆர்செனிக்கைப் பற்றிக்கொண்டே வந்து படிந்தன. காற்றுப் புகாத ஆழத்தில், அழுகிய இலைதழைகளின் நடுவே, நுண்ணுயிர்களின் செயலால் அவ்விரும்பு கரைந்தது. பற்றிய கை கரையவே, பற்றப்பட்ட நஞ்சும் நீரில் கலந்தது. காற்று உள்ள இடத்தில் இரும்பு நஞ்சைப் பற்றும். காற்று அற்ற இடத்தில் அதனை விட்டுவிடும். இவ்வுண்மையை உணர்ந்தோர், மேலே இறைத்த நீரை மீண்டும் இரும்புத் துகள்களின் வழியே செலுத்தி நஞ்சைப் பிரிக்க முயன்றனர். சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய குழுவினரும் மிக நுண்ணிய இரும்புச் சேர்மத் துகள்களைக் கொண்டு நீர் வடிகட்டியை உருவாக்கினர். ஆர்செனிக் கலந்த நீருள்ள ஊர்களில் அது பயன்படுகிறது. அத்துகள்கள் ஆய்வுக்கூடத்தில் வகுத்த முறைப்படி செய்யப்படுவன. சுரங்கச் சேறு அல்ல. ஆயினும் இரண்டின் இயல்பும் ஒன்றே. சுரங்கக் காவியும் ஆர்செனிக்கைப் பற்றும் என்பதை ஆராய்ச்சிகள் பல காட்டியுள்ளன.

காவியை ஒத்த உறவுப் பொருள் ஒன்றும் உண்டு. பாக்சைட் என்னும் கனிமத்திலிருந்து அலுமினியத்துக்கு வேண்டிய அலுமினாவைப் பிரித்தபின் எஞ்சும் செஞ்சேறே அது. ஒரு டன் அலுமினா எடுக்க ஏறக்குறைய அதே அளவோ அதனினும் மிகுதியாகவோ செஞ்சேறு எஞ்சும். அதிலும் இரும்பு மிகுதி. அதனோடு கடுங்காரமும் கலந்திருக்கும். ஹங்கேரி நாட்டில் ஆய்க்கா என்னும் ஊருக்கு அருகில் 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அத்தகைய சேற்றைத் தேக்கிய அணை உடைந்தது. செஞ்சேறு ஊர்களுக்குள் புகுந்தது; பத்துப் பேர் மாண்டனர். அத்துணைக் கொடிய சேறும் தக்க முறையில் பதப்படுத்தினால் உதவுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பாஸ்பேட்டைப் பிடித்துவைக்க இயலாத மணல் நிலங்களில் அதனைக் கலந்து பார்த்தனர். உரம் கடற்கழிக்கு ஓடுவது குறைந்தது. அதன் காரத்தைக் கொண்டு சுரங்க நீரின் அமிலத்தை முறிக்கலாம் என்றும் ஆராய்ந்துள்ளனர். ஒரு சுரங்கத்தின் கேடு மற்றொரு சுரங்கத்தின் கேட்டைத் தணிக்கிறது. முள்ளை முள்ளால் எடுத்தல் என்பது இதுதான்.

ஆயினும் முள்ளை எடுக்கும் முள்ளும் முள்ளே என்பதை மறத்தல் ஆகாது. எல்லாச் சுரங்கத்துக் காவியும் ஒரு தன்மையது அன்று. நிலக்கரிச் சுரங்கத்துக் காவி பெரும்பாலும் இரும்பையே மிகுதியாகக் கொண்டது. வெள்ளீயம், செம்பு முதலிய உலோகச் சுரங்கங்களின் காவியோ, நீரில் கரைந்து வந்த நஞ்சுகளைத் தான் பிறந்த இடத்திலேயே பற்றிக்கொண்டிருக்கும். அதனை ஆராயாமல் குடிநீரில் இடுவது ஒரு நஞ்சை நீக்கி மற்றொன்றை ஊட்டுவதாக முடியும். எந்தச் சுரங்கத்தின் சேறு, அதில் யாவை உள்ளன, அவை நீரில் கசியுமா என்பவற்றைச் சோதித்தறிந்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். சேற்றைத் தொலைவிலுள்ள ஊருக்கு ஏற்றிச் செல்லும் செலவு பயனை விஞ்சுவதும் உண்டு.

பற்றி நிறைந்த காவியை வைக்கும் இடமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பாஸ்பேட்டைப் பற்றிய காவி வயலுக்குப் போகலாம். ஆர்செனிக்கைப் பற்றிய காவி அவ்வாறு போகலாகாது. அதனைக் காற்றுப் புகாத சேற்றுக் குழியில் எறிந்தால் யாது நேரும் என்பதை வங்கத்து நிலமே சொல்லும். இரும்பு கரையும், பிடி தளரும், நஞ்சு மீண்டும் ஊற்றை அடையும். ஆகவே கழிவைக் கருவியாக்கியவன் அக்கருவியின் இறுதிக்கும் பொறுப்பேற்றல் வேண்டும்.

மற்றொரு தவறான எண்ணமும் விலக்கத்தக்கது. 'கழிவுக்குப் பயன் கண்டுவிட்டோம். இனி எவ்வளவு வேண்டுமாயினும் கழிக்கலாம்' என்று எண்ணுதல் பேதைமை. ஆற்றில் கலந்த காவி ஆற்றைக் கொல்லவே செய்யும். குளத்தில் தேக்கி, வாரி, உலர்த்தி, ஆராய்ந்து எடுத்த காவியே உதவும். இரண்டுக்கும் இடையே நிற்பது மனிதனின் உழைப்பும் அக்கறையுமாகும். அவை இல்லாதவிடத்துக் காவி வெறும் சேறே.

சுரங்கத்தை மூடியவர்கள் தம் கடமை முடிந்ததென்று கதவைப் பூட்டினர். நீர் அக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. அந்நீரைப் பழித்து ஒதுக்காமல், அதன் வழியில் படிக்கட்டு அமைத்து, குளம் வெட்டி, நாணல் நட்டு, அடியில் படிந்ததைக் கையிலெடுத்து நோக்கியவர்களே அதன் பண்பைக் கண்டனர். அழித்ததும் காத்ததும் ஒரே இரும்புதான். அதன் இயல்பு மாறவில்லை. மாறியது மனிதன் அதனை நோக்கிய நோக்கே. அந்நோக்கின் பயனாக, முன்பு செம்மஞ்சள் பூசிக் கிடந்த ஓடைகள் பலவற்றில் இன்று கற்கள் தெரிகின்றன. கற்களின் இடுக்கில் பூச்சிகள் ஊர்கின்றன. அவற்றைத் தேடி மீன்களும் திரும்பி வருகின்றன.